ஆர்.சி. இல்லாத பைக் எவ்வளவு இலேசாக இருந்தாலும் வேண்டாம்

கேள்வி: போடியில் இருக்கிறேன். தினமும் தேனிக்கு வேலைக்குப் போய்வர ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் ஓட்டுகிறேன். வார இறுதியில் மலைமேல் இருக்கும் மாமாவின் காப்பித் தோட்டத்துக்கு மண்பாதையில் போவேன். அங்கே வண்டி சாய்ந்தால் தனியாளாகத் தூக்க முடியவில்லை. என் உயரம் 5 அடி 5 அங்குலம். பெங்களூரிலிருந்து 115 கிலோ ஆஃப்-ரோடு பைக் ஒன்றை எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். ஆர்.சி. அப்புறம் போட்டுக்கொள்ளலாமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். "அப்புறம்" என்பது வரவே வராது. ஆஃப்-ரோடு மட்டும் என்று விற்கப்படும் பைக்குகள் சாலை ஒப்புதல் இல்லாமல் வருபவை. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் நாமே மாட்டினாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவாகாது. ஷோரூம் பில்லையோ, கஸ்டம்ஸ் ஏலத் தாளையோ காட்டி இதுவே போதும் என்பார்கள். நம்பாதீர்கள். பதிவே செய்ய முடியாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்காது. நாளை யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சொந்தத் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுபவர் இப்படி ஒரு வண்டி வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாமா தாராளமாக வாங்கலாம். ஆனால் அதைப் பிக்கப்பில் ஏற்றித்தான் மேலே கொண்டுபோக வேண்டும், பழுது பார்க்க இறக்குவதும் அப்படியே. தோட்டத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஊராட்சிச் சாலை போனால், அந்த நாற்பது அடியும் பொதுச்சாலைதான், தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும். தினமும் தேனி போகிற உங்களுக்கு இந்த விதிவிலக்கு உதவாது.

சரி, எதை வாங்குவது? உங்கள் ஹிமாலயன் 199 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஏறத்தாழ 160 கிலோ. முன்சக்கரம் இரண்டிலும் 21 அங்குலம்தான், அதனால் கல்லும் பள்ளமும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. குறைகிற 40 கிலோ, வண்டியைத் தூக்கும்போதுதான் தெரியும். இருக்கை 825 மில்லிமீட்டர், இப்போது இருப்பதைவிட ஓர் அங்குலம் கூடுதல். நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றுங்கள், போதும். நெடுஞ்சாலையில் 80க்கு மேல் நிதானம் குறையும், தேனிக்கு அது ஒரு குறையே இல்லை. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இன்னும் இலேசு, 140 கிலோவுக்குள். ஆனால் இருக்கை 880 மில்லிமீட்டர். சரிவில் கால் எட்டாமல் நீங்கள் சாய்ந்துவிடுவீர்கள். சஸ்பென்ஷன் லிங்கை மாற்றி உயரத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டியின் அடிப்பகுதி கல்லில் இடிக்கும்.

எடையைக் கேட்கும்போது பெட்ரோல், ஆயில் சேர்த்த எடையா என்று கேளுங்கள். விளம்பரத்தில் வெறும் வண்டியின் எடையைப் போட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் மட்டுமே லிட்டருக்கு முக்கால் கிலோ. அதோடு ஷோரூமில் கிராஷ் கார்டு, பெட்டி, கேரியர் என்று தலையில் கட்டுவார்கள். காசு கொடுத்துக் குறைத்த எடையை மறுபடி காசு கொடுத்தா ஏற்றிக்கொள்வது? கை கார்டும் என்ஜின் அடித்தகடும் போதும்.

பழைய வண்டி என்றால் தமிழ்நாட்டுப் பதிவாகவே பாருங்கள். வெளிமாநில வண்டி மலிவாகத் தெரியும். அந்த மாநில ஆர்டிஓவிடம் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள்வரியும் கட்டிய பிறகு அந்த மலிவு காணாமல் போய்விடும். வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு, கடன் நிலுவை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் படிவத்தில் முன்பே போட்டுவைத்த கையெழுத்தைப் புரோக்கர் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் ஆன்லைன் என்று அரசு அறிவித்துவிட்டு, அதே தாளை அச்செடுத்து நேரில் வரச் சொல்லி அலைக்கழிக்கும்வரை இந்த ஆட்களுக்குப் பிழைப்பு நடக்கத்தான் செய்யும். மக்கள் ஏன் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பணம் கட்டும் முன் எக்ஸ்பல்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டு, வண்டியைப் புல்தரையில் படுக்கவைத்துத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். பெங்களூர்க்காரருக்கு முன்பணம் ஏதும் அனுப்பியிருந்தால், திருப்பித் தரும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள்.