காட்டு வகுப்புக்கு மகளை அனுப்பலாமா?

அன்புத் தங்கைக்கு,

இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன, ஐந்து வயது மகள் ரிசெப்ஷன் என்னும் பள்ளியின் முதல் வகுப்பில் படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். வாரம் ஒரு பிற்பகல் ஃபாரஸ்ட் ஸ்கூல் என்னும் காட்டு வகுப்பு, மழையிலும் நடக்கும், நெருப்பும் ரம்பமும் உண்டு என்று பள்ளியிலிருந்து அனுமதிப் படிவம் வந்திருக்கிறது. படிப்பு கெடுமா, சளி பிடிக்குமா, கையெழுத்துப் போடலாமா என்பது உங்கள் கேள்வி. தயங்காமல் போடுங்கள் என்பேன். என் இரண்டு பிள்ளைகளும் இந்த வகுப்பில் வளர்ந்தவர்கள். உதவிப் பெற்றோராக நானும் பலமுறை கூடப் போயிருக்கிறேன்.

இது பள்ளிக்கூடம் பொழுதைப் போக்குவதற்கு வைத்த ஏற்பாடு அல்ல. 1993இல் சாமர்செட்டில் உள்ள பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து ஒரு குழு டென்மார்க்குக்குப் போய், சின்னஞ்சிறு குழந்தைகள் திறந்தவெளியிலேயே வளர்வதைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியது. இப்போது இதற்கென்றே பயிற்சி பெற்று, மூன்றாம் நிலைத் தகுதி (லெவல் 3, இங்கே பள்ளி மேல்நிலைப் படிப்புக்கு இணையான நிலை) பெற்றவர்கள்தான் நடத்துகிறார்கள். ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் இதன் உயிர். செப்டம்பரில் ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கிய குழந்தை, சனவரியில் அதே மரம் மொட்டையாக நிற்பதைப் பார்க்கும். வசந்தத்தில் அதன் கீழ் புளூபெல் பூத்திருப்பதையும் பார்க்கும். ஆண்டு முழுவதும் தன் கண்ணால் பார்த்ததைப் படம் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை அல்லவா?

ரம்பம் என்றதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். நடப்பது இதுதான். ஹேசல் மரத்தின் கொம்பு ஒன்றைக் கட்டை மேல் வைத்து, ரம்பத்தின் ஒரு முனையை ஆசிரியரும் மறுமுனையைக் குழந்தையும் பிடித்துக்கொள்வார்கள். ரம்பம் பிடிக்காத கையில் மட்டும் கையுறை. இழு, விடு, இழு, விடு என்று இருவரும் சேர்ந்து அறுக்க, மரத்தூள் உதிர்ந்து, கடைசியில் ஒரு வட்டத் துண்டு கீழே விழும். அதில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு அந்தக் குழந்தையின் கவனம் வேறெங்கும் போகாது. நெருப்பைச் சுற்றி மரக்கட்டைகளை வட்டமாகப் போட்டு, அழைக்காமல் அந்த வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே பழக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் தண்ணீர் வாளி எப்போதும் இருக்கும். ஆபத்தே இல்லாத இடத்தில் வளரும் பிள்ளைக்கு ஆபத்தை எடைபோடத் தெரியாமல் போய்விடும். அதனால்தான் இதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இன்னொன்று, நம்மைப் போல் வந்தவர்களுக்கு முக்கியமானது. வகுப்பறையில் ஆங்கிலத்துக்குக் கூசி வாய் திறக்காத ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். உளுத்த கட்டையைப் புரட்டியதும் அடியில் வண்டுகள் சிதறி ஓடின. "இங்கே வா, பார்!" என்று முதலில் கத்தியவள் அவள்தான், அதுவும் ஆங்கிலத்தில். காட்டில் எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவு புதியவர்கள்.

மழையைப் பற்றி. சளி வைரஸால் வருவது, தூறலால் அல்ல. ஆனால் நனைந்த துணியோடு நடுங்கும் குழந்தைக்கு எதுவும் மனதில் ஏறாது. ஆகவே உடையில்தான் உங்கள் அக்கறை முழுவதும் இருக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை அடுக்கிப் போடுவது மேல். அவற்றுக்கு மேலே தண்ணீர் புகாத கால்சட்டை. அதன் விளிம்பு ரப்பர் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் மழைநீர் நேராகப் பாதத்துக்குத்தான் போகும். கம்பளிக் காலுறை, மாற்றுக் காலுறை இரண்டும் பையில் இருக்கட்டும். பலத்த காற்று அடித்தால் மட்டும் காட்டுக்குப் போக மாட்டார்கள், கிளை முறிந்து விழும் என்பதால்.

கோடையிலும் முழுக்கை, முழுக்கால் உடைதான். நெட்டில் செடி பட்டால் சுரீரென்று எரியும், உண்ணியும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பார்த்துவிடுங்கள். உண்ணி இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பிறகு வரும் வாரங்களில் கடித்த இடத்தில் வட்டமாகச் செம்மை பரவினால் ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், காட்டத் தாமதிக்காதீர்கள். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயாக இருக்கலாம்.

படிவத்தில் ஆஸ்துமா, ஒவ்வாமை எதையும் மறைக்காமல் எழுதுங்கள். பணம் கேட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். அரசுப் பள்ளிகள் பள்ளி நேரப் பாடத்துக்குக் கட்டணம் வாங்க முடியாது, விருப்ப நன்கொடைதான் கேட்கலாம். கொடுக்க இயலவில்லை என்பதற்காக உங்கள் மகளை வகுப்பில் விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு உரிமை இல்லை. உதவிக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் போதுவதில்லை. நீங்களும் வருவதாக ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள்.