திரைக்கதை கேள்வி-பதில்: கேலரியில் அழும் காதலி

கேள்வி: குத்துச்சண்டைக் கதை எழுதுகிறேன். இறுதிப் போட்டியில் ஹீரோ விழுகிறான். கேலரியில் காதலி அழுவதைப் பார்த்து எழுந்து ஜெயிக்கிறான். படித்த நண்பர்கள் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: அழுகையில் தப்பில்லை. அந்த இடத்தில் அம்மாவையோ தங்கையையோ நிறுத்தினாலும் காட்சி மாறாது, அதுதான் தப்பு. காதலை எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய இரவுக்குக் கொண்டுபோங்கள். எடைப் பிரிவுக்குள் அடங்க வீரர்கள் உப்பைக் குறைப்பார்கள், தண்ணீரை நிறுத்துவார்கள், கனத்த உடையைப் போட்டுக்கொண்டு வியர்வை சிந்துவார்கள். உதடு வெடிக்கும், தலை சுற்றும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார்கள். இன்னும் 400 கிராம் குறைய வேண்டிய நேரத்தில் அவன் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கட்டும். 200 மில்லி குடித்தால் 200 கிராம் ஏறும். கொடுத்தால் அவன் உழைப்பைக் கெடுத்தவள். மறுத்தால் அவன் உடம்பைக் கெடுப்பதற்குத் துணைபோனவள். இதை எழுதி முடித்தால் கேலரிக் காட்சியை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

கேள்வி: சுற்று இடைவேளையில் பயிற்சியாளர் உருகிப் பேச ஒரு பக்க வசனம் வைத்திருக்கிறேன். நீளமா?

பதில்: ரொம்ப. ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். இடைவேளையே ஒரு நிமிடம்தான். அதற்குள் ஸ்டூல் போட வேண்டும், மவுத் கார்டைக் கழற்றிக் கழுவ வேண்டும், வாய் நனைக்க வேண்டும், புருவ வெட்டை அழுத்திப் பிடித்து வாசலின் தடவ வேண்டும். முடிய 10 நொடி இருக்கும்போதே வெளியேறச் சொல்லி எச்சரிக்கை வந்துவிடும். மூச்சிரைக்கிறவன் காதில் இரண்டு வாக்கியம் ஏறினால் அதிகம். பாசம் விரலில் தெரியட்டும்: காயத்தை அழுத்தும் கை நடுங்குகிறது, வாய் "இடது கையைத் தூக்கு" என்று மட்டும் சொல்கிறது. பிறகு துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தப்போகிறார் என்றால், "என்ன ஆனாலும் நிறுத்தக்கூடாது" என்று அவன் சத்தியம் வாங்கிய காட்சி முதல் 30 பக்கத்துக்குள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அது வெறும் துண்டு.

கேள்வி: ஓடும்போது விழுந்த மகனை அப்பா வந்து தாங்கிக்கொள்வது மிகையாகத் தெரியுமா?

பதில்: நடந்தே இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக், 400 மீட்டர் அரையிறுதி. பிரிட்டனின் டெரெக் ரெட்மண்டுக்குத் தொடையின் பின்தசை கிழிய, அப்பா ஜிம் காவலர்களைத் தாண்டி வந்து தோள்கொடுத்தார். வெளியாள் உதவியால் அந்த ஓட்டம் கணக்கில் சேரவில்லை. இந்த இழப்பை மறைக்காதீர்கள், நடுவரை வில்லனாக்கவும் வேண்டாம்.

கேள்வி: நண்பர்கள் இருவர் பிரிந்து சேர்கிறார்கள். வசனமில்லாமல் காட்ட எந்த விளையாட்டு பொருத்தம்?

பதில்: 4x100 மீட்டர் தொடர் ஓட்டம். யாரும் சரியாகப் பயன்படுத்தாத புதையல் அது! பேட்டனை, அதாவது ஓடி வருகிறவன் அடுத்தவனிடம் கொடுக்கும் குச்சியை, 30 மீட்டர் பகுதிக்குள் மாற்றியாக வேண்டும். வாங்குபவன் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் பாதம் பாதமாக அளந்து, தரையில் டேப் ஒட்டுவான். வருகிறவன் டேப்பைத் தொட்டதும் இவன் பாய்வான். பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்டுவான், அவ்வளவுதான்.

டேப் தள்ளி இருந்தால் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். "அவன் என்னை எட்டிவிடுவான்" என்ற நம்பிக்கை வேண்டும். எட்டாமல் பகுதியைத் தாண்டினால் தகுதி நீக்கம். டேப் கிட்டே இருந்தால் பாதுகாப்பு, ஆனால் வேகம் போகும், வருகிறவன் முதுகில் முட்டவும் கூடும். ஆகவே முதல் பாதியில் 26 பாதம். சண்டைக்குப் பிறகு, யாரும் பார்க்காதபோது 20. இறுதிப் போட்டிக்கு முன் அவன் குனிந்து டேப்பை உரித்து, மறுபடி 26 பாதம் எண்ணி ஒட்டுகிறான். எதிர்முனையில் நிற்பவன் அதைப் பார்த்துவிடுகிறான். கேமரா முகத்துக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம், டேப்பிலேயே நிற்கட்டும்.