தென்னாப்பிரிக்காவில் பயறு வகை மலிவாகக் கிடைத்தும் ஏழைகள் ரொட்டியும் மக்காச்சோள மாவுமே வாங்குவது ஏன்? சத்துணவு பற்றித் தெரியாததாலா?

தெரியாமல் இல்லை. நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் கோயிலில் மாதம் ஒருமுறை மளிகைப் பை கொடுப்போம். போன குளிர்காலத்தில் ஒரு ஆயா பையிலிருந்த சுகர் பீன்ஸை, அதாவது ராஜ்மா மாதிரியான காய்ந்த பயறை, எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பதிலா டின் மீன் இருக்கா?" என்று கேட்டார். அவர் வைக்கும் பீன்ஸ் கறியை நானே சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவு நன்றாக இருக்கும். ஏன் ஆயா என்றேன். "இது வேகறதுக்குள்ள லைட் தீர்ந்துடும்."

இங்கே மின்சாரத்தை லைட் என்றுதான் சொல்வோம். அவர் வீட்டில் முதலில் காசு கட்டி யூனிட் ஏற்றிக்கொள்ளும் மீட்டர். இரவெல்லாம் ஊறவைத்தாலும் பீன்ஸ் அடுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஏழைக் குடும்பங்களுக்கு அரசுக் கொள்கை சொல்லும் இலவச அளவு மாதம் 50 யூனிட். வெந்நீர் வைத்தே அது கரைந்துபோகும். கடையில் வாங்கும் ரொட்டிக்கு அடுப்பே வேண்டாம்.

காய்ந்த பீன்ஸ், பருப்பு, முட்டை, டின்னில் வரும் பில்சார்ட் மீன் (மத்தி மாதிரி) எதற்கும் வாட் வரி கிடையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த பீன்ஸை வேகவைக்கும் மின்சாரத்துக்கு 15 சதவீதம் வாட் உண்டு. ஆயா சொல்லும்வரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

கைக்கு வரும் பணமும் பாருங்கள். 2024இல் ஒரு பிள்ளைக்கான அரசு உதவித்தொகை மாதம் 530 ராண்டு. அதே ஆண்டு அரசே கணக்கிட்ட உணவு வறுமைக் கோடு ஒரு ஆளுக்கு 796 ராண்டு. ஆயா இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். 2003 முதல் சோள மாவில் இரும்பு, துத்தநாகம், விட்டமின் ஏ எல்லாம் சேர்ப்பது கட்டாயம் என்பதால் மாவை மட்டமாகப் பேச மாட்டேன். ஆனால் வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டாமா? அந்த மாவை மட்டும் தின்று அது போதுமான அளவு கிடைக்காது.

அப்புறம் நாங்கள் முறையை மாற்றினோம். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அண்டாவில், கேஸ் அடுப்பில், பீன்ஸை வேகவைத்து டப்பாவில் கொடுக்கிறோம். பையில் இப்போது சீக்கிரம் வேகும் மைசூர்ப் பருப்பு போகிறது. ஆயா இரண்டு டப்பா கேட்டு வாங்குகிறார். ஒன்று பக்கத்து வீட்டு ஸுலு அம்மாவுக்கு. அந்த அம்மா பதிலுக்கு இம்ஃபீனோ பறித்துக் கொடுக்கிறாராம், நம் முளைக்கீரை மாதிரி.