ஐசியூ நோயாளிக்கு எத்தனை கலோரி தேவை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சரியான வழி, மறைமுகக் கலோரி அளவீடுதான். வென்டிலேட்டர் குழாயோடு ஒரு கருவியை இணைத்து, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து கணக்கிடுவார்கள். கருவி இல்லையென்றால், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். இது தோராயம்தான், காய்ச்சல், நடுக்கம், மயக்க மருந்து எல்லாமே தேவையை மாற்றிவிடும். அதனால் ஒருமுறை போட்ட கணக்கை அப்படியே விடக் கூடாது.

முதல் சில நாட்களில் முழு அளவையும் கொடுப்பதில்லை. ‘பட்டினி போடுகிறார்களே’ என்று குடும்பத்தார் பதறுவது இயல்பு. ஆனால் அப்போது உடல் தன் சேமிப்பிலிருந்தே சர்க்கரையை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் அதிகமாக ஏற்றினால் ரத்தச் சர்க்கரை எகிறும்.

அப்புறம், எளிதில் விட்டுப்போகும் ஒன்று: புரோபோஃபால் மயக்க மருந்து கொழுப்புக் கரைசலில் வருகிறது, மில்லிக்கு 1.1 கலோரி. மணிக்கு 15 மில்லி ஓடினால் நாளுக்குக் கிட்டத்தட்ட 400 கலோரி. அதைக் கழித்துவிட்டுத்தான் குழாய் உணவின் அளவை முடிவு செய்ய வேண்டும்.