எண்ணெய்ப் பூச்சுக் கிற்றாருக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா?

கேள்வி: சித்தப்பா ஜேர்மனியிலிருந்து அனுப்பிய வார்விக் பேஸ் கிற்றாரை தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். மினுக்கம் இல்லாத எண்ணெய்ப் பூச்சு. வலது முழங்கை படுகிற இடம் வெளிறிச் சொரசொரப்பாகிவிட்டது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா? வருடத்துக்கு எத்தனை தடவை?
– வாசகர், குருநகர்

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெயும் வேண்டாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால், கடைக்காரர் எந்தப் போத்தலை எடுத்து வைத்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

மரத்துக்குப் பூசும் எண்ணெய், காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து மரத்தின் துளைகளுக்குள்ளேயே இறுகிக் கெட்டியாக வேண்டும். அந்தக் குணம் எவ்வளவு இருக்கிறது என்பதை அயடீன் பெறுமானம் காட்டும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 110 அளவில்; அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவுதான். மாதக்கணக்கானாலும் அது எண்ணெயாகவே கிடக்கும். சோளகக் காற்று கொண்டுவரும் புழுதியெல்லாம் அதில் ஒட்டும், பிறகு காறல் மணம் வரும். மரத்துக்குள் இறங்கிய அந்த எண்ணெயை முழுதாக எடுப்பது மிகவும் கஷ்டம்.

சரி, உங்கள் கிற்றாருக்கு வருவோம். வார்விக்கின் எண்ணெய்ப் பூச்சுக்கு வழக்கமான பராமரிப்பு தேன்மெழுகுதான். வெளிறிய இடமெல்லாம் எண்ணெய் கேட்கிறது என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் வெக்கையில் அது காய்ந்த வியர்வை உப்பாகவும் இருக்கலாம். பழஞ்சீலையை நனைத்து, இறுகப் பிழிந்து, அந்த இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் மெழுகு மட்டும் போதும். ஓரிரு நிமிடத்தில் மரம் அதைக் குடித்துக் கறுத்தால், பூச்சு தேய்ந்துவிட்டது. எண்ணெய் போடத்தான் வேண்டும்.

எண்ணெய் போடுவதென்றால் முதலில் பழைய மெழுகையும் அழுக்கையும் வைற் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) தொட்ட துணியால் எடுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது. மண்ணெண்ணெய் வேண்டாம், அது பிசுக்கை விட்டுப் போகும். சொரசொரப்பை 600ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே, மெதுவாகத் தேய்த்து எடுங்கள். இரும்புக் கம்பளியை மட்டும் பேஸ் கிற்றாரின் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அதன் தூளைப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) காந்தம் இழுத்துக்கொண்டால் கிளறி எடுப்பது பெரிய வேலை.

ஹார்ட்வெயர் கடைகளில் 'பொயில்ட் லின்சீட் ஒயில்' கேளுங்கள்; லின்சீட் என்பது ஆளிவிதைதான். சாப்பிட விற்கும் ஆளிவிதை எண்ணெயும் காயும், ஆனால் நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் இழுக்கும். பொயில்ட் வகையில் காய்வதை வேகப்படுத்தும் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். டேனிஷ் ஒயில் (காயும் எண்ணெயும் வார்னிஷும் கலந்தது) கிடைத்தால் அதுவும் நல்லது. லின்சீட் மரத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கும். கடும் நிற மரத்தில் அது தெரியாது.

துணியில் சில சொட்டு விட்டுத் தேயுங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு மேலே நிற்கிற எண்ணெய் முழுவதையும் காய்ந்த துணியால் துடையுங்கள். இதில்தான் அநேகம் பேர் அவசரப்படுகிறார்கள். ஈரமாகப் பளபளப்பது அழகாக இருக்கிறதென்று அப்படியே விட்டால், மறுநாள் அது பசையாகியிருக்கும். துடைத்த பிறகு விரலை அழுத்தி எடுத்தால் மரத்திலும் விரலிலும் அடையாளம் இருக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு இன்னொரு மெல்லிய பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்வது தாமதமாகும். மாசி, பங்குனி நல்ல காலம். ஒரு வாரம் கழித்துத் தேன்மெழுகு தேய்த்து மினுக்குங்கள்.

இதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்: லின்சீட் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். வேலை முடிந்ததும் தண்ணீரில் ஊறப்போடுங்கள், அல்லது முற்றத்தில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். குப்பைக் கூடை, கிற்றார்ப் பெட்டி, கார் டிக்கி எதிலும் வேண்டாம்.

கம்பியை விரலால் அழுத்தும் விரல் பலகைக்கு லின்சீட் பூச வேண்டாம், பிரெட் (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) ஓரங்களில் பசையாகத் தேங்கும். வெங்கே, ரோஸ்வூட் போன்ற பூச்சில்லாத பலகைக்கு, கம்பி மாற்றும்போது கடையில் விற்கும் லெமன் ஒயில் இரண்டு மூன்று சொட்டு போதும். அது பெரும்பாலும் கனிம எண்ணெய், காயாதுதான். அதனால் தேய்த்தவுடனே துடைத்துவிட வேண்டும். மேப்பிள் பலகையில் அநேகமாக வார்னிஷ் இருக்கும், அதற்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

எத்தனை தடவை என்று கேட்டீர்கள். வாராவாரம் வாசிப்பவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை மெழுகு. எண்ணெய், அந்தத் தண்ணீர்ச் சொட்டு இறங்கினால் மட்டும். ஒழுங்காக மெழுகு போட்டால் வருடத்துக்கு ஒருமுறை கூடத் தேவைப்படாது. ஒவ்வொரு தடவை வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வைப்பது இவை இரண்டையும் விடப் பெரிய உதவி. எண்ணெய் போட்ட பிறகு மணம் முழுதும் போகும்வரை பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். உள்ளே காற்றில்லாமல் எண்ணெய் இறுகாது, பெட்டியின் வெல்வெட் அச்சு உடம்பிலே பதிந்துவிடும்.