ராமர் காசு கள்ள நாணயமா?

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். நகைக்கடைகளும் தனியாரும் அடித்த வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. ராமர் பட்டாபிஷேகமும் ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்ற எழுத்தும் பொறித்த வெள்ளிக் காசு ஒன்றைப் போன மாதம் ஒருவருக்கு 9,000 ரூபாய்க்கு விற்றேன். இப்போது அவர், அது போலி, கள்ள நாணய வழக்குப் போடுவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: ‘கள்ள நாணயம்’ என்ற சொல்லே உங்களைக் கலக்கிவிட்டது. போலி என்றால் அசல் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, அரசு முத்திரையிட்டுச் செல்லுபடியாகும் பணமாக வெளியிட்டதுதான் நாணயம். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த வெள்ளிக் காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. (சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகனில் சாமி உருவம் உண்டு. இந்தக் கதையைப் பலர் நம்புவது அதனால்தானோ என்னவோ.) உங்களிடம் உள்ள லட்சுமி, பிள்ளையார் காசுகளும் சட்டத்தின் கண்ணில் வெள்ளித் துண்டுகளே. வைத்திருக்கலாம், விற்கலாம், பணமாகப் புழங்கவிடக் கூடாது.

என் கவலை வேறு. விற்கும்போது என்ன சொன்னீர்கள்? தனியார் அடித்தது என்று தெரிந்தே ‘200 வருடப் பழமை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) பிரிவு 318(4)-இன்படி மோசடி வழக்கு வரலாம். 7 ஆண்டு வரை சிறை. நீங்களும் உண்மையாக நம்பி விற்றிருந்தால் அது மோசடி ஆகாது. ஆனால் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதால் பணத்தைத் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தச் செய்தியை இப்போது அழித்துவிடாதீர்கள். அவர் கைபேசியில் அது இருக்கும்.

பழைய காசுதான் என்று சாதிக்கவும் வேண்டாம். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்; அவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதீர்கள்.

9,000 ரூபாயை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுங்கள். காசை வாங்கும்போது எடை போட்டு, விளிம்பில் இருந்த கீறலைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு காசு திரும்பி வந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். ‘இருவருக்கும் இனிப் பாக்கி இல்லை’ என்று அவர் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். அதற்குப் பிறகும் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், அந்தத் தாளோடும் கடை ரசீதுகளோடும் ஒரு வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போங்கள்.