சதையிப் புற்றுநோய்க்கு மூலிகைச் சாற்றைச் சோதிக்க பாங்க்-1 கலங்கள் மட்டும் போதுமா?

கேள்வி: திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். மூலிகைச் சாறு ஒன்றை 96 குழித் தட்டில் பாங்க்-1 கலங்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு சதையிப் புற்றுக்கல வரிசை) கொடுத்து 72 மணித்தியாலத்தில் எம்டிடி சோதனை (உயிருள்ள கலம் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை அளப்பது) செய்தால் போதுமா?

பதில்: போதாது. சாறு கலத்தைக் கொல்லுமா என்பதை மட்டும் அது சொல்லும். சதையிக் கட்டியில் (இந்தியப் புத்தகங்களில் கணையம்) பெரும்பகுதி புற்றுக்கலமே அல்ல, இறுகிப்போன நாரிழையம். மருந்து அதைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். பிளாஸ்டிக்கில் ஒற்றைப் படையாகப் படர்ந்து கிடக்கும் கலத்துக்கு அந்தக் கவசம் இல்லை.

முதலில் கலவரிசைகள். பாங்க்-1இல் கேராஸ் (கல வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணு) விகாரம் ஜி12டி என்ற வகை, மியா பாக்கா-2 என்ற வரிசையில் ஜி12சி வகை. பிஎக்ஸ்பிசி-3 என்ற வரிசையில் கேராஸ் விகாரமே இல்லை. நோயாளிகளில் ஏறத்தாழ 90 வீதத்தினரின் கட்டியில் கேராஸ் விகாரம் இருப்பதால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முடிவுக்குப் பொருள் வரும். மியா பாக்கா-2க்கு டிஎம்இஎம் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 10% கருக்கன்றுச் சீரத்தோடு 2.5% குதிரைச் சீரமும் சேர்ப்பது வழக்கம். பிஎக்ஸ்பிசி-3க்கு ஆர்பிஎம்ஐ-1640 ஊடகம்.

பாங்க்-1 இரட்டிக்க ஏறக்குறைய 52 மணித்தியாலம் எடுக்கும், மியா பாக்கா-2க்கு 40 போதும். 72 மணித்தியாலத்தில் முன்னது ஒன்றரைத் தடவைகூட இரட்டிக்காது. சதையிப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஜெம்சிடபின் போன்ற மருந்து பிரியும் கலத்தைத்தான் தாக்கும், ஆகவே மெதுவாக வளரும் வரிசை மருந்தை எதிர்ப்பதுபோல் தோன்றும். மருந்து போடும் நேரத்திலேயே ஒரு தட்டை அளந்து வைத்துவிட்டு, வளர்ச்சியைக் கணக்கில் எடுங்கள்.

எம்டிடியில் இன்னொரு பொறி உண்டு, மூலிகைக்காரர் அநேகர் விழுவது இதில்தான். சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் (தாவரச் சேர்மங்கள்) கலமே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கும்; இறந்த கலமும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வரும். ஊடகமும் சாறும் மட்டுமுள்ள குழிகளை ஒவ்வொரு செறிவுக்கும் வையுங்கள். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பான் 0.1 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, கட்டியைப்போல் கலங்கள் திரண்ட முப்பரிமாண உருண்டை. கலம் ஒட்டாத, அடி வளைந்த 96 குழித் தட்டில் குழிக்கு 1000 புற்றுக்கலம், 100 மைக்ரோலீற்றர். சதையி நட்சத்திரக் கலங்கள் கிடைத்தால் அதே அளவுக்குச் சேருங்கள், நாரைச் சுரப்பது அவைதான். 200 ஜி விசையில் (புவியீர்ப்பின் 200 மடங்கு) 5 நிமிடம் சுழற்றி 3, 4 நாள் விடுங்கள். மியா பாக்கா-2 தளர்வாகத்தான் திரளும், ஊடகத்தைத் தடிப்பாக்கும் மெதைல்செலுலோஸ் 0.24% சேர்த்தால் உதவும். விட்டம் 300-500 மைக்ரோமீற்றர் ஆனதும் மருந்து. ஊடகத்தைப் பாதிதான் மாற்றுங்கள், முனையைக் குழியின் சுவரில் சாய்த்து வையுங்கள். நடுவில் விட்டால் உருண்டை பிப்பெற்றுக்குள் போய்விடும். இங்கே எம்டிடி வேண்டாம், சாயம் உள்ளே போகாது. உயிருள்ள கலத்தின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை ஒளியாக அளக்கும் ஒளிர்வுச் சோதனை செய்யுங்கள்: 5 நிமிடம் நன்றாகக் குலுக்கி, 25 நிமிடம் அறை வெப்பத்தில்.

கச்சான் காற்று (வறண்ட வெப்பக் காற்று) வீசும் மாதங்களில் ஒரு கவனம். அடைகாப்புப் பெட்டி சூடாக்கும், குளிராக்காது. 37 பாகையில் நிலையாக நிற்க அறை குறைந்தது 5 பாகை தாழ்ந்திருக்கவேண்டும். ஏசி நின்று அறை 34ஐத் தொட்டால் பெட்டிக்குள் 38, 39 ஏறும். ஓரக் குழிகளும் வற்றும், அவற்றில் பிபிஎஸ் உப்புக் கரைசல் மட்டும் ஊற்றுங்கள்.

திரவ நைதரசன் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து உறைந்த கலக் குப்பி கொண்டுவரவேண்டாம். ரி-25 வளர்ப்புக் குடுவையில் கலம் ஒட்டியபின் கழுத்துவரை ஊடகம் நிரப்பி, மூடியை இறுக்கி, பனிக்கட்டி இல்லாத ரெஜிபோம் பெட்டியில் உயிரோடு கொண்டுவாருங்கள். வந்ததும் அதிக ஊடகத்தை எடுத்துவிட்டு, ஓரிரவு தொடாமல் விடுங்கள்.